தட்டம்மை போன பிறகும் ஏன் இந்தக் காய்ச்சல்?

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு ஆறு வயது. தட்டம்மை ஊசி போடாமல் விட்டுவிட்டோம். ஐந்து மாதங்களுக்கு முன்பு தட்டம்மை வந்து பத்துப் பன்னிரண்டு நாளில் சரியாகிவிட்டது. அதிலிருந்து மாதம் தவறாமல் சளி, காய்ச்சல். இரண்டு முறை காதில் சீழ் வந்தது. ஒரே அறையில் படுக்கும் அவன் அக்காவுக்கு ஒன்றுமே இல்லை. அவளுக்கு ஊசி இரண்டு தவணையும் போட்டிருக்கிறோம். எதிர்ப்புச் சக்திக்கு இவனுக்கு டானிக் கொடுக்கலாமா?

பதில்: டானிக் வேண்டாம். உங்கள் சந்தேகம் நியாயமானது. தட்டம்மை போகும்போது சும்மா போவதில்லை.

மற்ற பல கிருமிகள் நம் காவல் செல்களிடமிருந்து தப்பி ஓடப் பார்க்கும். தட்டம்மை வைரஸ் அவற்றின் மீதே சவாரி செய்யும். மூச்சோடு நுரையீரலுக்குள் போனதும், அங்கே அதைப் பிடிக்கிற செல்லே அதை நெறிக்கட்டிகளுக்குக் கொண்டுபோய்விடுகிறது. அங்கே இருப்பவை நினைவு செல்கள். முன்பு வந்த சளி, போட்ட ஊசி எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்து, அதே கிருமி மறுபடி வந்தால் உடனே பாய்பவை. இந்த வைரஸ் நுழையும் கதவாக அமைந்த புரதம் அவற்றின் மேல்தான் நிறைய இருக்கிறது. உடம்பெல்லாம் சிவந்து தடிக்கிறதே, அது நம் பாதுகாப்புப் படை வைரஸ் புகுந்த செல்களைத் தேடி அழிப்பதன் அடையாளம். அந்தச் சண்டையில் பழைய நினைவு செல்களும் சேர்ந்து சாகின்றன.

சில வாரங்களில் ரத்தப் பரிசோதனை செய்தால் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் புதிதாக வந்தவற்றில் பெரும்பகுதிக்குத் தட்டம்மையை மட்டும்தான் தெரியும். 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், நெதர்லாந்தில் ஊசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் பார்த்தார்கள். கிருமிகளை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் ரத்தப் புரதங்களை எதிர்ப்பொருள் என்போம். அவர்களிடம் முன்பு இருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. இதன் நிழலை 1908-லேயே பார்த்துவிட்டார் வியன்னா மருத்துவர் பிர்கே. காசநோய்க்கான தோல் பரிசோதனையில் தோல் சிவந்தால், உடம்பு அந்தக் கிருமியை நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். அப்படிச் சிவந்துகொண்டிருந்த குழந்தைகளுக்குத் தட்டம்மை வந்தபோது அந்தச் சிவப்பு மறைந்துவிட்டது. காரணம் புரிய அடுத்த தலைமுறைகள் வர வேண்டியிருந்தது.

அக்கா தப்பித்தது ஊசியால்தான். தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே இவன் பரப்ப ஆரம்பித்திருப்பான். இருமிவிட்டுப் போன அறையின் காற்றில்கூட வைரஸ் இரண்டு மணி நேரம் வரை இருக்கும். பிரித்துப் படுக்க வைத்திருந்தாலும் பெரிதாகப் பயன் இருந்திருக்காது. இரண்டு தவணை ஊசி சுமார் 97 சதவீதம் பேரைக் காக்கிறது. அதுவும் உயிருள்ள வைரஸ்தான், ஆனால் வலுக்குறைந்தது. இப்படி நினைவை அழிப்பதில்லை.

சரி, இப்போது என்ன செய்வது? இழந்த நினைவை மருந்தால் வாங்க முடியாது. ஒவ்வொரு கிருமியையும் மறுபடி சந்தித்துத்தான் உடம்பு கற்றுக்கொள்ளும். இதற்கு இரண்டு மூன்று வருடம்கூட ஆகலாம். ஊசி என்பது நோயில்லாமல் கற்றுக்கொடுக்கும் வழி. அதனால் அவனுடைய தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள். விட்டுப்போனவற்றைப் போட வேண்டும். தட்டம்மை வந்துபோய்விட்டாலும், அதோடு அம்மைக்கட்டு, ரூபெல்லாவையும் சேர்த்துத் தடுக்கும் எம்.எம்.ஆர் ஊசி அந்த இரண்டுக்காக அவனுக்குத் தேவைதான். வைட்டமின் ஏ தட்டம்மை இருக்கும்போது கொடுக்க வேண்டியது. இப்போது நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும்.

மாதம் ஒரு சளி என்பது பள்ளி போகும் வயதில் பெரிய அதிசயமல்ல. வேகமாக மூச்சு வாங்கினால், எடை குறைந்தால், நிமோனியா வந்தால் காத்திருக்காதீர்கள். எனக்கு அதைவிட உறுத்துவது காதுதான். இரண்டு முறை சீழ் வடிந்திருக்கிறது என்றால் செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, கேட்கும் திறனையும் சோதித்துவிடுங்கள். அதுவரை காதில் எண்ணெய் எதுவும் விடாதீர்கள், குளிக்கும்போது தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.