ஆசிட் ரிஃப்ளக்ஸ் ஆபரேஷனுக்குப் பிறகு பழையபடி சைக்கிள் ஓட்ட முடியுமா?

முடியும். நான் ஓட்டுகிறேன். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், ஆபரேஷன் முடிந்து வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நிற்கும் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் சர்ஜன் சொல்வதுதான் முதலில், மற்றதெல்லாம் அப்புறம்.

நெஞ்செரிச்சலை இங்கே யாரும் ஒரு நோயாகவே மதிப்பதில்லை. அதனால்தான் இந்தக் கேள்விக்கு விரிவாக எழுதுகிறேன். "நெஞ்செரிச்சலுக்கெல்லாம் யாராச்சும் ஆபரேசன் பண்ணுவாங்களா கண்ணு? சீரகத் தண்ணி குடிச்சாச் சரியாப் போயிடும்" என்றார் மாமியார். ஆபீஸில் "காரத்தைக் குறைங்க, டென்ஷன் ஆகாதீங்க" என்றார்கள். காரத்தை விட்டு ஆண்டுக்கணக்காகியிருந்தது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் செங்கல் வைத்துத்தான் படுத்தேன். அப்படியும் நடு ராத்திரி புளித்த நீர் தொண்டைக்கு ஏறி, மூச்சடைத்து எழுந்து உட்கார்ந்து இருமுவேன். காலையும் இரவும் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை போட்டும் இதுதான் நிலைமை.

சைக்கிளில் இன்னும் மோசம். கோவைதான் எனக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறுவது பிடித்த ரூட். 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏற்றம். கீழ்நோக்கி வளைந்த டிராப் ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்தால் வயிறு மடங்குகிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வால்வு ஏற்கெனவே தளர்ந்திருந்தால், உள்ளே இருப்பது மேலே வராமல் என்ன செய்யும்?

எண்டோஸ்கோபியில் ஹையாட்டஸ் ஹெர்னியா தெரிந்தது. இரைப்பையின் மேல்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் துளை வழியாக மார்புப் பக்கம் ஏறியிருந்தது. மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு 24 மணி நேரம் அமிலத்தை அளந்தார்கள், உணவுக்குழாய் ஒழுங்காகத் தள்ளுகிறதா என்று மானோமெட்ரி பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் ஃபண்டோப்ளிகேஷன். இரைப்பையைக் கீழே இறக்கி, துளையைத் தையல் போட்டுச் சுருக்கி, இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியில் மஃப்ளர் மாதிரி சுற்றித் தைத்துவிடுகிறார்கள். 1955இல் இதை முதலில் செய்தவர் ருடால்ஃப் நிஸ்ஸன். 1948இல் ஐன்ஸ்டைனுக்கு வயிற்று ரத்தக்குழாய் வீக்கத்துக்கு ஆபரேஷன் செய்தவரும் இவர்தான். 1991இலிருந்து லேப்ராஸ்கோபியில் செய்கிறார்கள், சின்னச் சின்னத் துளைகள்தான். எதுக்களிப்பு எனக்கு அன்றோடு நின்றது.

இதைப் படித்துவிட்டு "மாத்திரையிலேயே சரியாவதை ஏன் ஆபரேஷன் வரை கொண்டுபோகிறீர்கள்" என்று சிலர் சொல்லக்கூடும். மாத்திரையிலும் எடைக் குறைப்பிலும் சரியாகிறவர்களே அதிகம், அவர்களுக்கு இது தேவையே இல்லை. நான் பேசுவது அதிலெல்லாம் அடங்காதவர்களைப் பற்றி.

திட உணவு ஆரம்பித்த காலைதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. ரசத்தில் ஊறிக் குழைந்த இட்லி, விரல்நுனி அளவு விள்ளல். நன்றாக மென்றுதான் விழுங்கினேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் போய் அப்படியே நின்றுவிட்டது. எச்சில் ஊறுகிறது, அதையும் விழுங்க முடியவில்லை. சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் அது மெதுவாக நகர்ந்து இறங்கியது தெரிந்தது. சுற்றிய இடத்தில் வீக்கம் வடியும்வரை இப்படித்தான் இருக்கும், பயப்படாதீர்கள். பிரெட்டும் சப்பாத்தியும் கடைசியில் வரட்டும்.

"சைக்கிள் ஓட்டலாம்மா, வாந்தி மட்டும் வராமப் பார்த்துக்கோங்க" என்றார் சர்ஜன். குமட்டினால் தையல் விடலாம். முக்கினாலும் கனம் தூக்கினாலும் அதே பயம்தான். சைக்கிளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறுவதும் கனம் தூக்குவதுதான், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். என் சைக்கிளை மகன்தான் தூக்கி இறக்கினான். முதலில் நடை, பிறகு வீட்டில் டிரெயினரில், அதாவது சைக்கிளை நகராமல் மாட்டி மிதிக்கும் ஸ்டாண்டில், நிமிர்ந்து உட்கார்ந்து லேசாக மிதிப்பது, பிறகு எங்கள் ஊர் ரேஸ்கோர்ஸ் ரோடு மாதிரி சமதளம். கால் சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.

உண்மையான தொல்லை காற்று. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு ஏப்பம் வராது. ஏற்றத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது காற்றையும் விழுங்குகிறோம், பாட்டிலை உறிஞ்சும்போதும் அப்படித்தான். அது மேலே வர வழியில்லை. வயிறு கல்லாக உப்பி, விலாவுக்கடியில் குத்தும். அப்போது இறங்கி நிமிர்ந்து நடங்கள், கீழ்வழியாகக் கழியும். கூச்சப்பட வேண்டாம். பாட்டிலை உறிஞ்சாமல் பிழிந்து குடியுங்கள். ஒரே மூச்சில் குடிக்காமல் அடிக்கடி ஒரு வாய். சோடா, கோலா எதுவும் வேண்டாம். ரைடில் எனக்கு ஒத்துக்கொள்வது வாழைப்பழமும் ஓஆர்எஸ்ஸும்தான். ஹேண்டில்பாரை உயர்த்திவிடுங்கள். நான் அதன் அடியில் ஸ்பேசர் வளையங்கள் சேர்த்து, ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மையும் மேல்நோக்கித் திருப்பி வைத்தேன். இடுப்பை இறுக்கும் எலாஸ்டிக் ஷார்ட்ஸுக்குப் பதிலாகத் தோளில் மாட்டும் பட்டை வைத்த பிப் ஷார்ட்ஸ் போடுங்கள்.

அடிக்கடி குடி என்று சொல்லிவிட்டேன், ஆனால் பெண்களுக்கு அதற்கு எங்கே வழி? பிஆர்எம் என்று நேர வரம்பு வைத்து நடத்தும் நீண்ட தூர ரைடு இருக்கிறது, அதில் 200 கி.மீ.யை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். வழியில் பெட்ரோல் பங்க் கழிப்பறையைக் கேட்டால் பூட்டியிருக்கிறது, சாவி யாரிடமோ இருக்கிறது. ஆண்கள் புளியமரத்தடியில் ஒதுங்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கூட வரும் பெண்கள் பலர் தண்ணீரே குடிக்காமல் வெயிலில் ஓட்டுவதைப் பார்க்கிறேன். நீண்ட தூர ரைடு நடத்துகிறவர்கள் வழியில் நின்று பதிவு செய்யும் கண்ட்ரோல் பாயின்ட் போடும்போது டீக்கடையை மட்டும் பார்க்காமல் இதையும் பார்க்க வேண்டும். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

சரி, உங்கள் விஷயம். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். நிஸ்ஸன் என்று இருந்தால் முழுச் சுற்று, டூப்பே என்று இருந்தால் முக்கால் சுற்று. முக்கால் சுற்றில் இந்தக் காற்றுத் தொல்லை பொதுவாகக் குறைவு. முழுச் சுற்று என்றால் ஏற்றங்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எதுவானாலும் தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாலோ, வாந்தி எடுத்தபின் நெஞ்சு வலித்தாலோ ரைடை அங்கேயே விட்டுவிட்டு சர்ஜனைக் கூப்பிடுங்கள்.