பச்சிளங்குழந்தைக்கு லூபஸ்: சென்னைப் பெற்றோரின் கேள்விகளுக்குக் குழந்தை மருத்துவரின் பதில்கள்

பெரம்பூரிலிருந்து ஒரு தாய்: டாக்டர், என் ஆறு வாரக் குழந்தைக்குக் கண்களைச் சுற்றிச் சிவந்த வளையங்கள் உள்ளன. இளவெயிலில் காட்டிய பின் அவை அதிகமாயின. என் இரத்தத்தில் ரோ ஆன்டிபாடி இருக்கிறதாம். எனக்கு ஒரு நோயும் இல்லையே?

பதில்: இது பச்சிளங்குழந்தை லூபஸாக இருக்கலாம். லூபஸ் என்பது நோய் எதிர்ப்பு ஆற்றல் சொந்த உடலையே தாக்கும் தன்தடுப்பு நோய். ரோ ஆன்டிபாடி அப்படித் தாக்கும் ஒரு புரதம். இந்த ஆன்டிபாடி உள்ள, இவ்வாறு குழந்தை பாதிக்கப்பட்ட தாய்மார்களில் ஏறக்குறைய பாதிப்பேர் உங்களைப் போல் எந்த அறிகுறியும் இல்லாதவர்களே, ஆகவே உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஆன்டிபாடிகளைக் குழந்தை தானே உருவாக்கவில்லை. நஞ்சுக்கொடி வழியாக உங்களிடமிருந்து பெற்றது. ஆறு முதல் எட்டு மாதங்களுக்குள் அவை கரைய, தோல் தடிப்பும் பெரும்பாலும் வடுவின்றி மறையும். அதுவரை வெயிலில் காட்டும் வழக்கத்தை நிறுத்துங்கள். வைட்டமின் டி சொட்டு மருந்து போதும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தைக்கு ஈசிஜி, இரத்த அணுக்கள், கல்லீரல் பரிசோதனை அவசியம். தட்டணுக்குறைவும் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள் குறைவது) கல்லீரல் பாதிப்பும் பெரும்பாலும் தாமாகவே சரியாகும். கண், வாய் வறட்சியோ மூட்டுவலியோ பின்னாளில் உங்களுக்கு வரலாம் என்பதால் நீங்களும் மூட்டுநோய் நிபுணரைப் பாருங்கள்.

தாம்பரத்திலிருந்து ஒரு கணவர்: மனைவிக்கு லூபஸ், ரோ பாசிட்டிவ், இது 14ஆம் வாரம். குழந்தையின் இதயத்துக்கு ஆபத்தா?

பதில்: உங்களைப் போன்றோரின் முதல் கர்ப்பத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு குழந்தைகளுக்கு ஹார்ட் பிளாக், அதாவது இதயத்துக்குள் மின்துடிப்பு தடைபடும் நிலை, வருகிறது. எண்ணிக்கை சிறிது, ஆனால் தோல் தடிப்பைப் போல் இது மறைவதில்லை, ஏனெனில் இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் திசு அழற்சியால் தழும்பாகிவிடுகிறது. முழுமையான பிளாக் ஏற்பட்டபின் ஸ்டீராய்டால் அதை மீட்க இயலாது. ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகள் வரை, பெரும்பாலும் கருவிலோ முதல் சில மாதங்களிலோ, இறக்கின்றன. பிழைப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படுகிறது. இது பொதுவாக 18 முதல் 24 வாரங்களுக்குள் தொடங்குவதால், 16ஆம் வாரம் முதலே கரு எக்கோ பரிசோதனையை (கருவின் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) ஒழுங்காகச் செய்யுங்கள். லூபஸுக்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை உறவினர் சொல்லுக்காக நிறுத்திவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

வேளச்சேரியிலிருந்து ஒரு பாட்டி: மூத்த பேரனுக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். மகள் இன்னொரு குழந்தை பெறலாமா?

பதில்: பெறலாம் அம்மா, ஆனால் திட்டமிட்டு. மறுபடியும் ஹார்ட் பிளாக் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 16 முதல் 18 வரை. பத்தாவது வாரத்துக்குள் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தொடங்கினால் அந்த வாய்ப்பு பாதிக்குக் கீழே குறைவதாக 2020இல் வெளியான ஆய்வு காட்டியது.

அண்ணாநகரிலிருந்து ஒரு தந்தை: இக்குழந்தைகள் வளர்ந்தபின் லூபஸ் வருமா?

பதில்: பெரும்பாலானோருக்கு வராது. தன்தடுப்பு நோய்களுக்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், பின்னாளில் பார்க்கும் மருத்துவரிடம் இந்த வரலாற்றைத் தவறாமல் சொல்லுங்கள்.