உடுப்புப் பெட்டி: வேடம் கட்டுவோர் கேள்விகள்

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு நாடக ஆசிரியை கேட்கிறார்: எங்கள் பிள்ளைகள், ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் நாடகம் போடுகிறார்கள். முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிக்கும் காட்சிக்குப் பதினைந்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேண்டும். வாடகைக்குக் கிடைப்பதெல்லாம் காக்கி உடுப்புத்தான். சமாளிக்கலாமா? முகத்துக்கு எவ்வளவு பவுடர் பூசுவது?

ரீச்சர், காக்கி வேண்டாம். கோட்டை விழுந்தது 1803 ஓகஸ்ட் 25இல். ஆங்கிலப் படையில் காக்கி தலைகாட்டியதே 1840களின் பிற்பகுதியில், அதுவும் இந்தியாவின் வடமேற்கு எல்லையில். மேடையில் காக்கியைக் கண்டால் எங்கட சனத்துக்குப் பொலிஸ்தான் ஞாபகம் வரும். பிறகு பிள்ளைகள் எவ்வளவு வசனம் பேசினாலும் எடுபடாது.

பவுடரையும் மிச்சம் பிடியுங்கோ. அந்தக் காலத்தில் இலங்கையில் ஆங்கிலேயருக்காகத் துவக்குத் தூக்கியவர்கள் எல்லோரும் வெள்ளையர் அல்லர். ஒல்லாந்தரிடம் சேவகம் செய்த மலாய்க்காரரை 1796க்குப் பிறகு ஆங்கிலேயர் தங்கள் படையில் சேர்த்துக்கொண்டார்கள். இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். ஆகவே அதிகாரியாக வரும் இரண்டொரு பிள்ளைகளுக்கு மட்டும் பூசுங்கோ. மற்றவர்கள் தங்கள் நிறத்திலேயே நிற்கட்டும். வரலாறும் அதுதான், வேர்வையில் பவுடர் வழியும் தொல்லையும் இல்லை.

இனிக் கோட்டு. இடுப்பளவு கட்டைச் சிவப்புக் கோட்டு, பின்னால் சின்ன வால், நிமிர்ந்த கழுத்துப்பட்டி. கழுத்துப்பட்டிக்கும் கைமுனைக்கும் படைப்பிரிவின் நிறம் வரும். அப்போது தீவிலிருந்த 19ஆம் படைப்பிரிவுக்குப் பச்சை. நெஞ்சில் ஒவ்வொரு தெறிக்கும் குறுக்கே வெள்ளை நாடா தையுங்கோ. சாதாரணச் சிப்பாயின் தெறி ஈயநிறம். பொன்னிறத் தெறியைச் சிப்பாய்க்குத் தைத்தால் அவன் கப்டனாகிவிடுவான். சற்றின் துணி பக்கமே போகாதேங்கோ, லைற் பட்டதும் பளபளக்கும். தடித்த பருத்தித் துணி போதும். உண்மையில் அவர்கள் போட்டது கம்பளி. அதை எங்கட வெயிலில் எப்படித் தாங்கினார்களோ!

சிவப்பிலும் இரண்டு சிவப்பு உண்டு. சிப்பாயின் கோட்டு மஞ்சிட்டி வகை வேரில் சாயம் ஏற்றியது, செங்கல் நிறத்துக்குக் கிட்ட நிற்கும். அதிகாரியின் கோட்டு ஒரு பூச்சியிலிருந்து எடுத்த சாயம், நல்ல இரத்தச் சிவப்பு. சிவப்புச் சாயம் எங்களுக்கும் புதிதல்ல. மன்னாரிலும் வன்னியிலும் சாயவேர் கிண்டி அரசாங்கத்துக்குக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. ஒரே கட்டுத் துணியில் எல்லோருக்கும் வெட்டாமல் இரண்டு சிவப்பு வாங்கினால், யார் அதிகாரி என்று கடைசி வரிசையில் இருப்பவருக்கும் விளங்கும். அதிகாரிக்கு இடுப்பைச் சுற்றிக் கருஞ்சிவப்புப் பட்டும் ஒரு வாளும் கொடுங்கோ. பண்டாரவன்னியனைத் தோற்கடித்தவர் என்று கற்சிலைமடுக் கல்லில் பெயர் வெட்டப்பட்ட ஆங்கிலப் படை அதிகாரி வொன் டிறிபேர்க், அந்த ஒக்ரோபர் 31ஆம் திகதிச் சண்டைக் காட்சியில் வரும்போது அந்த உடுப்புத்தான்.

நெஞ்சில் பெருக்கல் குறிபோல இரண்டு வெள்ளைப் பட்டி வரும். இடத்தோளிலிருந்து இறங்குவதில் தோட்டாப்பெட்டி, வலது இடுப்பில். மற்றதில் துவக்குமுனைக் கத்தி, இடது இடுப்பில். மாறிக் கட்டினால் பெட்டிக்குள் கை போகாது, பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். தொப்பி 1800இல் வந்த உயரத் தொப்பி. தடித்த மட்டையை உருளையாகச் சுற்றி, கறுப்புப் பெயின்ற் அடித்து, முன்னால் பித்தளைநிறத் தகடு ஒட்டி, மேலே வெள்ளையும் கீழே சிவப்புமாக ஒரு குஞ்சம் வைத்தால் சரி. பள்ளிக்கூடக் கறுப்புச் சப்பாத்துப் போதும். வெள்ளை நீளக்காற்சட்டை வீட்டிலேயே இருக்கும்.

ஒன்றை மறக்காதேங்கோ: பின்னல். ஆங்கிலச் சிப்பாய் 1808 வரைக்கும் தலைமயிரை நீட்டிப் பின்னால் வாலாகக் கட்டியிருந்தான். கறுப்பு நூலில் ஒரு வால் முடிந்து தொப்பியோடு தைத்துவிடுங்கோ. சபை முதலில் சிரிக்கும், சிரிக்கட்டும்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு மாணவன்: எங்கள் காணி துப்புரவாக்கும்போது வெற்றுத் தோட்டாக்கள் கிடந்தன. சிப்பாயின் பட்டியில் கோர்க்கலாமா?

வேண்டாம் தம்பி. 1803இல் பித்தளைத் தோட்டாவே கிடையாது. வெடிமருந்தையும் சன்னத்தையும் கடதாசியில் சுருட்டி வைத்திருந்தார்கள். அது இரண்டாவது காரணம். முதற்காரணம் உனக்கே தெரியும்: எங்கட மண்ணில் வெறுங்கோது எது, வெடிக்காமல் கிடப்பது எது என்று பார்த்துச் சொல்ல ஏலாது. தொடாமல், தள்ளி நின்று அடையாளம் வைத்துவிட்டுப் பெரியவர்களிடம் சொல்லு. அவர்கள் பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவிக்கட்டும். இராணுவப் புள்ளித் துணியையும் எடுக்காதே. அது அந்தக் காலத்து உடுப்புமல்ல, வீண் விசாரணையும் வரும்.

முள்ளியவளையிலிருந்து ஒரு பெரியவர்: எதிரிக்கு இவ்வளவு மினக்கெடுகிறீர்களே, எங்கள் மன்னனுக்கு என்ன உடுப்பு?

ஐயா, கேள்வி நியாயம். ஆனால் வெள்ளைக்காரன் உடுப்பைச் சட்டம் போட்டு எழுதி வைத்தான், அதனால் அளவு சொல்ல முடிகிறது. பண்டாரவன்னியனை நேரிற் பார்த்து வரைந்த படம் எங்கள் கைக்கு வரவில்லை. வவுனியாச் சிலை சிற்பியின் மனக்கண்ணில் வந்தது. கூத்தென்றால் பிரச்சினையே இல்லை. முடியும் தோளில் புயகீர்த்தி அணியும் கட்டி ஆடுங்கோ, கூத்தில் அரசனுக்கு அதுதான் முறை. கற்சிலைமடுவில் வெட்டவெளியில் போரை நடித்துக் காட்டுவதென்றால் கண்ணாடி பதித்த முடியை வைத்துவிட்டு வாங்கோ. கச்சை, தலைப்பாகை, வாள், ஈட்டி போதும். காட்டுக்குள் நடக்கிறவன் மினுங்க மாட்டான். இரண்டையும் ஒரே காட்சியில் கலப்பதுதான் எனக்குப் பிடிக்காதது.

வவுனியாவிலிருந்து ஓர் இளைஞர் கழகம்: துவக்கை மரத்தில் செய்ய அளவு தாருங்கள். இடியன் என்ற நாட்டுத் துவக்கு ஒன்று இரவல் வாங்கலாமா?

இடியன் வேண்டவே வேண்டாம், அதற்கு அனுமதிப்பத்திரம் கேட்பார்கள். மரத்துவக்கானாலும் பொலிசுக்கும் கிராம அலுவலருக்கும் முதலே சொல்லி வையுங்கோ. முழு நீளம் 55 அங்குலம், அதில் குழாய் 39 அங்குலம். துளை முக்கால் அங்குலம் என்பதால் முக்கால் அங்குலப் பிவிசி குழாய் கணக்காக வரும். முனைக்கத்தி 17 அங்குலம், மூன்று பட்டை. துவக்கின் குதிரையின் (சுடும்போது அடிக்கும் பாகம்) வாயில் சக்கிமுக்கிக் கல் இருப்பதுபோல ஒரு சிறு கல்லை ஒட்டுங்கோ. உண்மைத் துவக்கு நாலு கிலோவுக்கு மேல், ஆகவே பிள்ளைகள் அதைத் தூக்கும்போது கொஞ்சம் பாரம் காட்டப் பழக்குங்கோ.

பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று வெடி வைப்பான். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையில் இருபது செக்கன். வன்னியனின் ஆட்கள் பாய வேண்டியது அந்த இருபது செக்கனுக்குள். கடதாசிச் சுருளைப் பல்லால் கடித்துக் கிழிப்பதை எல்லோரும் ஒன்றாகச் செய்தால் பார்க்க நன்றாயிருக்கும். சுருளுக்குள் கோதுமை மா மட்டும் வைக்காதேங்கோ, புரையேறிவிடும்.