தாழ்ந்த கூரை, அகலமான கதவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சி.எஃப்.ஏ. வாய்சி தன் குடும்பத்துக்காகக் கட்டிய ‘த ஆர்ச்சர்ட்’ வீட்டைக் கொண்டாடி எழுதியிருந்தீர்கள். படங்களைத் தேடிப் பார்த்தேன். வெள்ளைச் சுவர், தலையில் இடிக்கிற மாதிரி கூரை. வசதியானவர்களுக்கு வீடு வடிவமைத்துக் கொடுத்தவர் தனக்கென்று கட்டும்போது இவ்வளவு சாதாரணமாகவா கட்டுவார்? சிக்கனமா, கொள்கையா?

ச.

அன்புள்ள ச.,

இரண்டும்தான். 1899-இல், லண்டனுக்கு வடமேற்கே சார்லிவுட்டில் கட்டிய வீடு அது. அந்த ஊருக்கு ரயில் வந்து பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. மனைவி குழந்தைகளைப் பழமரங்களுக்கு நடுவே குடிவைத்துவிட்டு அவர் லண்டனுக்குப் போய்வர முடிந்தது.

சுவரைச் சாதாரணம் என்கிறீர்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அதன்மேல் சிறுகல் கலந்த சொரசொரப்பான சாந்துப் பூச்சு. மழை ஈரம் உள்ளே இறங்காது, செலவும் கம்மி என்று வாய்சி அதை விரும்பிக் கையாண்டார். செங்கல் சுவரைக் கருங்கல் மாதிரி காட்டுவதெல்லாம் அவருக்கு ஆகாது. ஒரு பொருள் இன்னொன்றாக வேஷம் போடுவதுதான் ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்காரர்களுக்கு, அதாவது கைவேலையைப் போற்றிய அந்தக் காலத்து ஆங்கிலக் கலை இயக்கத்தாருக்கு, கோபத்தை வரவழைத்த விஷயம்.

சரி, கூரை. குளிர் தேசத்தில் தாழ்ந்த அறையைச் சூடாக்குவது எளிது, வெள்ளைக் கூரையில் பட்ட வெளிச்சமும் அறைக்குள்ளேயே திரும்பும். ஆனால் கூரையை மட்டும் பார்த்தால் மூச்சு முட்டத்தான் செய்யும், கூடவே கதவையும் பாருங்கள். உயரத்துக்கு நல்ல அகலம். உயரமாக ஒடுங்கி நிற்கிற கதவு, ஓர் உடல் மட்டும் நுழைவதற்கான சவப்பெட்டி மூடி போன்றது என்று அவரே பின்னாளில் சொன்னார்; கதவு அகலமாக இருந்தால்தான் வாருங்கள் என்று கூப்பிடுமாம். கதவுப் பலகையின் குறுக்கே நீளமாக ஓடும் இரும்புக் கீலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் வரைந்த கீல்கள் பலவற்றின் முனை இதய வடிவில் முடியும். பிள்ளைகள் தினமும் நூறு தடவை திறந்து மூடுகிற ஒன்றுக்காக ஒரு மனிதர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்றால், அதைச் சிக்கனம் என்று மட்டும் எப்படிச் சொல்வது?

படங்களை மறுபடி எடுத்தால் முகப்பை விட்டுவிட்டு உள்ளே வாசற்கூடத்திலிருந்து பாருங்கள். அப்புறம் எழுதுங்கள்.