சராசரிக் கோளமும் உண்மைக் கோளமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மின்கடத்தாப் பொருளாலான ஒரு கோளத்தின் விடுதிறன் (மின்புலத்துக்குப் பொருள் எந்த அளவு எதிர்வினை தருகிறது என்பதைக் காட்டும் அளவு; அது கூடினால் அலை மெதுவாகச் செல்லும்) மேற்பரப்பிலிருந்து மையம் வரை படிப்படியாக மாறுகிறது. அதன் சராசரியை எடுத்துக்கொண்டு, ஜெர்மானிய இயற்பியலாளர் குஸ்தாவ் மீ 1908இல் சீரான கோளத்துக்குத் தந்த தீர்வைப் பயன்படுத்தினால், அதன்மீது விழும் மின்காந்தத் துடிப்பின் சிதறல் சரியாகக் கிடைக்காதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெரும்பாலும் கிடைக்காது, பிழை எங்கே நுழைகிறது என்பதைப் பார்ப்பதே பயனுள்ளது. 30 செ.மீ. விட்டமுள்ள கோளம் ஒன்றின் ஒப்புமை விடுதிறன் (வெற்றிடத்தோடு ஒப்பிட்ட மதிப்பு) விளிம்பில் 1 ஆகவும், அங்கிருந்து நேர்கோட்டில் உயர்ந்து மையத்தில் 4 ஆகவும் இருப்பதாகக் கொள்வோம். விட்டத்தின் வழியே சராசரி 2.5. அந்த மதிப்புள்ள சீரான கோளத்தின் முன்பரப்பு, நேராக வந்து மோதும் மின்புலத்தின் வீச்சில் ஏறத்தாழ 22 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். உண்மைக் கோளத்தின் விளிம்பிலோ அப்படிப்பட்ட திடீர் மாற்றமே இல்லை. ஆகவே 0.1 நானோநொடி நீளமுள்ள, அதாவது காற்றில் 3 செ.மீ. இடத்தை மட்டுமே நிரப்பும் ஒற்றை அலைவுத் துடிப்பு, அங்கே மிகச் சிறிதளவே எதிரொளித்து உள்ளே புகுந்துவிடுகிறது. அதன் கதிர்கள் விடுதிறன் மிகுந்த மையத்தை நோக்கி வளைவதால், ஆற்றலின் பெரும்பகுதி முன்னோக்கிக் குவிகிறது.

துடிப்பு என்பது பல அதிர்வெண்களின் கூட்டு என்பதை இங்கே மறக்கக் கூடாது. குறுகிய அலைநீளங்களுக்கு மெதுவான சரிவாகத் தெரியும் அதே மாற்றம் நீண்ட அலைநீளங்களுக்குத் திடீர்ப் படியாகத் தெரிகிறது. எனவே திரும்பி வருவதில் தாழ்ந்த அதிர்வெண்களின் பங்கு மிகுந்து, துடிப்பு மழுங்கி நீள்கிறது. இந்த மழுங்கலில்தான் பொருளின் உள்ளமைப்பு பற்றிய செய்தி இருக்கிறது; சராசரி முதலில் அழிப்பதும் இதைத்தான் என்பதால், அந்தக் குறுக்குவழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். துடிப்பு 10 நானோநொடி நீண்டு 3 மீட்டரை நிரப்பினால் கதை வேறு: அப்போது தகுந்த ஓர் இணைமதிப்பு போதும், அதுவும் வெறும் கூட்டுச் சராசரி அன்று.

கணினியில் கணக்கிட, கேன் யீ 1966இல் முன்வைத்த முறை உங்களுக்குப் பொருந்தும். வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய விடுதிறனைத் தந்து, மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் மாறி மாறிக் காலத்தில் முன்னகர்த்துவது அது. அலைநீளம் விடுதிறனின் வர்க்கமூலத்துக்கேற்பக் குறையும்; மையத்தில் 3 செ.மீ. அலைநீளம் பாதியாகச் சுருங்குவதால் கட்டத்தின் அளவை அங்குள்ள 1.5 செ.மீ.யைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கான 1.5 மி.மீ. நல்ல தொடக்கம். கோளத்தைத் தடித்த அடுக்குகளாகப் பிரித்தால், இல்லாத படிகள் தோன்றிப் போலி எதிரொளிப்புகளை உண்டாக்கும். அடுக்கின் தடிமனைப் பாதியாக்கி மீண்டும் கணக்கிட்டுப் பாருங்கள். அப்போது மறைந்துபோகும் எதிரொளிப்பு எதுவும் கோளத்துடையதன்று.