லைன் கிளியர் வாங்கியாச்சா?

அன்புள்ள ஐயா,

எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம். கோ.புதூர் அரசு ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் முடித்திருக்கிறேன். மின்வாரியத்தில் கள உதவியாளர் ஆக ஆசை. அடுத்த தேர்வு வரும்வரை எங்கள் ஊர் வயர்மேன் அண்ணனோடு போய்க் கம்பம் ஏறிப் பழகலாமா? அம்மா வேண்டாம் என்று அழுகிறார். நீங்கள் லைனில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

— ஒரு வாசகன்

தம்பி,

2019-இல் கேங்மேன் வேலைக்கு ஐந்தாம் வகுப்பு போதும் என்றார்கள். கம்பம் ஏறிக் காட்ட வேண்டியிருந்தது. 2025-இல் கள உதவியாளருக்கு ஐடிஐ கேட்டு, டிஎன்பிஎஸ்சி எழுத்துத் தேர்வு வைத்தது. அதனால் உன் டிரேட் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதே.

கம்பம் ஏறுவது சீக்கிரம் வந்துவிடும். கீழே நின்று ‘லைன் கிளியர் வாங்கியாச்சா, எர்த் ராட் போட்டாச்சா’ என்று கேட்பதுதான் லேசில் வராது. லைன் கிளியர் என்றால் கரண்ட்டை நிறுத்தியாச்சு, வேலை பார்க்கலாம் என்ற அனுமதி. எர்த் ராட் என்றால் கம்பியில் மாட்டி, அதில் மின்சாரம் வந்தால் மண்ணுக்குள் இறக்கிவிடும் கொக்கிக் கம்பு. மழை ராத்திரியில் தெருவே கூடி நின்று ‘இன்னும் எவ்வளவு நேரம்ப்பா’ என்று சத்தம் போடும்போது கேட்க நாக்கு எழாது.

எனக்கும் எழவில்லை. ஒரு கோடை மழையில், மேலூர்ப் பக்கம் புளியங்கிளை விழுந்து 11,000 வோல்ட் கம்பி அறுந்துவிட்டது. லைனைத் துண்டிக்கும் ஏபி ஸ்விட்ச்சின் மூன்று பிளேடும் விலகி நிற்பதை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஏணியில் கால் வைத்தேன். ஃபோர்மேன் சட்டையைப் பிடித்து இழுத்தார். ‘ராட் எங்கடா?’ எர்த் முனையை முதலில் மண்ணில் இறுக்கிவிட்டு, அப்புறம் கொக்கியைக் கம்பியருகே கொண்டுபோனேன். படாரென்று நீலப் பொறி! பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது, அதையும் வாரிய லைனையும் பிரித்து வைக்கும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் சரியில்லை. அவர்களுக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர். அது பாவம், எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தன் வேலையைச் செய்யும். கீழிருந்து வந்ததை 11,000 ஆக்கி மேலே அனுப்பிவிட்டது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வயர்மேன் அண்ணனோடு ஏறாதே. அவர் நல்லவராகவே இருக்கட்டும். நீ எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஆள். ஏதாவது ஆனால் நீ அங்கே இருந்ததாகவே எழுத மாட்டார்கள். வாரியமே ஐடிஐ முடித்தவர்களை அப்ரண்டிஸாக எடுக்கிறது, அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பம் போடு. அதில் ஏறு.

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுவதென்றால், ஜெனரேட்டர் கதையை மட்டும் விட்டுவிடு.