டைட்டானியம் டியூப் கட்டுப்படியாகுமா?

கேள்வி: தூத்துக்குடியில் சிறு ரசாயன ஆலை நடத்துகிறேன். கடல்நீரில் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டியூப்கள் 14 மாதத்தில் ஓட்டையாகிவிட்டன. டைட்டானியம் போடச் சொல்கிறார்கள். கிலோ விலை 5 மடங்கு. கட்டுப்படியாகுமா?

பதில்: கிலோ விலையைப் பார்த்து மலைக்காதீர்கள். உங்களுக்குத் தேவை டியூபின் நீளம்தான், எடை அல்ல. ஒரு கன செ.மீ. 316 எஃகு 8 கிராம்; டைட்டானியம் 4.5 கிராம். கடல்நீர் இதை அரிக்காது, ஆகவே தேய்மானத்துக்கென்று கூடுதல் கனம் வேண்டாம். இப்போது 1.2 மி.மீ. சுவர் இருந்தால் டைட்டானியத்தில் 0.7 மி.மீ. போதும். அப்போது மீட்டருக்கு எடை மூன்றில் ஒரு பங்கு. விலை ஏறக்குறைய 1.7 மடங்கு. இதோடு ஆலை நின்ற நாட்களின் நஷ்டத்தையும் எழுதிப் பாருங்கள். 14 மாதத்துக்கு ஒருமுறை டியூப் மாற்றும் இடத்தில் நான் தயங்காமல் டைட்டானியம் போடுவேன்.

மணவாளக்குறிச்சி மணலிலேயே டைட்டானியத் தாதுவான இல்மனைட் கிடைக்கிறது. தாது அரிதல்ல, அதிலிருந்து உலோகத்தைப் பிரிக்க குளோரின், மக்னீசியம், ஏராளமான மின்சாரம் எல்லாம் வேண்டியிருப்பதால்தான் இந்த விலை.

ஆனால் பழைய ஷெல்லில் (டியூப்களைச் சுற்றியுள்ள வெளிக்கூட்டில்) அப்படியே செருகிவிட முடியாது. டைட்டானியத்தின் விறைப்பு எஃகில் பாதிதான், சுவரும் மெல்லியது. தாங்கு தகடுகளை நெருக்கி வைக்காவிட்டால் டியூப் அதிர்ந்து முறியும். டியூப் ஷீட் (டியூப் முனைகள் பொருந்தும் தகடு) சாதா எஃகாகவோ பித்தளையாகவோ இருந்தால், டைட்டானியத்தை ஒட்டிய இடத்தில் அந்தத் தகடே வேகமாக அரித்துப்போகும். கடல்நீர் படும் முகத்திலாவது டைட்டானியம் தேவை. ஷெல் முழுவதையும் மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

கடல்நீர்ப் பக்கம் சுமார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், இடுக்குகளில் வழக்கமான சுத்த டைட்டானியமான கிரேடு 2 கூட அரித்துப்போகும். அங்கே பல்லேடியம் சேர்த்த கிரேடு 7 வேண்டும். அதன் விலை வேறு. ஷெல் பக்கம் என்ன ஓடுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஈரமில்லாத குளோரின் வாயு என்றால் டைட்டானியம் கூடவே கூடாது, தீப்பற்றும். ஈரக் குளோரினில் அது நன்றாக உழைக்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆகாது.

வெல்டிங்கின்போது தையலின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் காற்றுப் படாமல் ஆர்கான் வாயு காக்க வேண்டும். தையல் வெள்ளிபோல் மின்ன வேண்டும். நீலமோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் அந்த வேலையை ஏற்காதீர்கள்.